பிருந்தனின் முழங்கை

பாசல்
19.03.2017

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். நீங்களும் கஜலக்சுமி அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலன்று ரெலிபோனில் நாங்கள் இருவரும் கத்திய கத்தலுக்குப் பிறகு, "உங்கள் ரெண்டு பேருக்கும் இனிப் போன் இல்லை, சொல்லுறதை எழுதிச் சொல்லுங்கோ" என்று அண்ணி போட்ட சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன். வாட்ஸப்பும் வேண்டாம். அதில் நீங்கள் படித்ததற்கு நீலக் கோடு விழும், பதில் வராது, எனக்கு விசர் வரும். கடிதமென்றால் தபால்காரனையாவது குறை சொல்லலாம்.

போன கிழமை பேர்ன் கலியாண வீட்டில், "என்ர தங்கச்சி வெள்ளைப் பெடியங்களோட தடி விளையாடுறாள்" என்று நீங்கள் சொல்லிச் சிரித்த செய்தி எனக்கு வந்து சேர்ந்தது. அண்ணா, எனக்கு முப்பத்தொன்பது வயது. அதில் இருபது வருடம் இந்த சுவிஸில் பேஸ்போல். பகல் முழுக்க மருந்துக் கொம்பனி ஆய்வுகூடத்தில் நிற்கிறேன். மாலையில் பல்கலைக்கழக அணியில் பந்து எறிகிறவர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அதற்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லையென்றால் அது பகிடி என்று ஆகாது.

உங்கள் மகன் பிருந்தன் என் வீட்டில் தங்கிப் படிக்கிறான், எங்கள் அணியின் முதல் பிச்சரும் அவன்தான். ஆகையால் நீங்கள் இதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். பிச்சர் என்றால் உங்கள் கிரிக்கெற்றில் பந்து போடுகிறவன் மாதிரி. ஆனால் ஓடி வரமாட்டான். ஒரு சின்ன மண்மேட்டில் நின்று எறிவான். கிரிக்கெற்றில் முழங்கை மடங்கினால் பிழை. இங்கே முழங்கை மடங்கி விரிகிற வேகம்தான் எல்லாம். ஒவ்வொரு எறிக்கும் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சின்ன நார் இழுபடும். அது அறுந்தால் ஒப்பரேசன், ஒரு வருடம் வீட்டில். அது நடக்காமல் எண்ணிக்கொண்டிருப்பதுதான் என் வேலை.

என்னிடம் நான்கு பேர். சனிக்கிழமைப் போட்டியில் பிருந்தனுக்கு எண்பத்தைந்து எறி. எண்பத்தாறு கிடையாது. பிறகு ஆறு நாள் ஓய்வு. ரேட்டோவுக்கு எழுபது. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது சின்ன இன்னிங்ஸ், யானிக் கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும். மார்க்கோ ஆபத்துக்கு. தலைமைப் பயிற்சியாளர் ஊர்ஸ் யாரை மாற்றுவதென்றாலும் என் முகத்தைப் பார்த்துத்தான் மாற்றுவார்.

போட்டி முடிந்து சனிக்கிழமைகளில் பிருந்தன் உங்களிடம் வருவான். ஞாயிற்றுக்கிழமை அவன் கையை ஆற விடுங்கள். சாமான் தூக்க விடவேண்டாம். ஏப்ரல் எட்டாம் திகதி முதல் போட்டி. வாருங்கள். எத்தனையாவது தடவை கேட்கிறேன் என்று எண்ணாமல் விடுகிறேன்.

அண்ணியின் பிரஷர் எப்படி என்று எழுதுங்கள்.

தங்கை,
சிவகலா


ரெனான்
02.04.2017

அன்புத் தங்கை கலாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம், என் தோள்மூட்டைத் தவிர. ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருடம் சட்டி தூக்கினால் வேறென்ன வரும்? அண்ணியின் பிரஷர் பரவாயில்லை. உன் கடிதத்தை வாசித்த அன்று மட்டும் எனக்கு ஏறியது.

கலியாண வீட்டில் சொன்னது பகிடி. அதைக் காவிக்கொண்டு வந்தது யாரென்று எனக்குத் தெரியும், அவளைப் பிறகு பார்க்கிறேன். தடி என்று சொல்லாமல் அதை வேறு என்னவென்று சொல்வது? விக்கெற் இல்லை, ஓவர் இல்லை, அடித்தவன் வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கிறான். எட்டாம் திகதி எனக்கு வேலை. வர முடியாது.

எண்பத்தைந்து எறிந்தால் கை கழன்று விழுந்துவிடுமா? பள்ளிக்கூட அணியில் நாங்கள் காலையிலிருந்து பொழுதுபடும்வரை போட்டிருக்கிறோம். ஆறு நாள் பத்தியம் காக்க அவன் என்ன பிள்ளைப்பெற்றவளா?

ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் பிள்ளை. அவனை எப்படி வைத்திருப்பது என்று நீ எனக்கு எழுதித் தர வேண்டாம். இந்த வருடம் பழைய மாணவர் சங்கத்தின் மென்பந்துக் கிரிக்கெற் அணிக்கு நான்தான் பொறுப்பு. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பத்மநாதனின் அணி ஆறு வருடமாகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறது. மேடையில் அவன் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தொண்டையில் முள்ளு மாதிரி. சுற்றுப்போட்டியெல்லாம் ஞாயிறில்தான். அதனால் ஞாயிறுகளில் என்னைத் தேடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
தயாபரன்


பாசல்
14.05.2017

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகமாக இல்லை. கோபக் கொதியில் இருக்கிறேன். நீங்கள் சுகமென்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் இரண்டு போட்டியிலும் பிருந்தன் ராசா மாதிரி நின்றான். எதிரணி மட்டையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் பந்து போய்விடும். மேட்டில் அவன் நிற்கிற நிலையைப் பார்த்து, எனக்கு உங்களோடு இருந்த கோபமெல்லாம் ஒரு மணித்தியாலம் மறந்திருந்தது. மே மாதம் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. நாலாவது இன்னிங்ஸில் முழங்கை தோளுக்குக் கீழே இறங்குகிறது. பந்து மேலே போகிறது. நேற்று ஐம்பத்திரண்டாவது எறியோடு நான் போய் அவனை மேட்டிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்றோம்.

அவனைப் பிடித்து ஏசினேன். "இரவில எங்கை திரியிறாய்? பெட்டையோ, குடியோ?" என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒண்டுமில்லை மாமி" என்றான். இருபத்தொரு வயதுப் பெடியன். கண் கலங்கியிருந்தது. நான் அதையும் நடிப்பு என்று நினைத்தேன்.

அவன் விட்ட இடத்தை நிரப்ப ரேட்டோவை இரண்டு தடவை தொண்ணூறு தாண்ட விட்டிருக்கிறேன். யானிக்கை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே போட்டு வீணாக்கினேன். எல்லாருக்கும் முன்னால் ஊர்ஸ் என்னைக் கேட்டார், "சிவா, உன் கணக்கெல்லாம் சரிதானா?" என்று. எட்டு வருடத்தில் அந்த மனுசன் என்னை அப்படிக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் ஒரு கிளாஸ் உடைந்தது.

புதன்கிழமை குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கைக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமைப் பந்துக்குப் புதன்கிழமை வலி இருக்கக் கூடாது.

நேராகக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே என்ன செய்கிறான்?

சிவகலா


ரெனான்
11.06.2017

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் சுகம். உன் கடிதம் கிடைத்து நாலு கிழமையாகிறது. வேலை கூட, அதுதான் எழுதச் சுணங்கிவிட்டது. இங்கே நல்ல வெயில். ஏரிக்கரையில் கால் வைக்க இடமில்லை. அண்ணி பல்கனியில் பச்சைமிளகாய் வைத்திருக்கிறாள், பூத்திருக்கிறது. எங்கள் சங்கத்துத் தம்பித்துரை அண்ணைக்கு முழங்காலில் ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார். தடி பிடித்து நடக்கிறார். உன்னை விசாரித்தார்.

பெடியன் இங்கே வந்தால் சாப்பிடுகிறான், படுக்கிறான். இளந்தாரிக்குக் கை நோவதெல்லாம் ஒரு நோவா? உன் வெள்ளைக்காரன் கேட்டதும் சரிதானே. பிழை உன் பயிற்சியில் இருக்கிறதா என்று முதலில் பார். எண்ணி எண்ணியே பிள்ளையைப் பயப்படுத்தி வைத்திருக்கிறாய்.

வெயிலென்று ஐஸ் தண்ணி குடிக்காதே. தொண்டையைக் கவனி.

அண்ணன்


பாசல்
09.07.2017

அண்ணா,

சுகம் கேட்க மனம் வரவில்லை. அண்ணியை மட்டும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

போன கிழமை சனிக்கிழமை கறிவேப்பிலை வாங்கத் தமிழ்க் கடைக்குப் போனேன். காசு குடுக்கிற மேசையில் இலவசப் பத்திரிகை கிடந்தது. பத்தாம் பக்கத்தில் பிருந்தன். கையில் கிண்ணம். படத்துக்குக் கீழே, "மாதத்தின் சிறந்த பந்துவீச்சாளர் திரு. ச. தம்பித்துரை, பத்தொன்பது விக்கெற்றுகள்."

ஐம்பத்தெட்டு வயது தம்பித்துரை அண்ணை. முழங்காலில் ஒப்பரேசன் செய்து தடி பிடித்து நடக்கிற தம்பித்துரை அண்ணை. நீங்களே எனக்கு எழுதிய தம்பித்துரை அண்ணை! அவருக்கு எப்போது இருபத்தொரு வயது முகம் முளைத்தது? கடைக்காரர் என்னைப் பார்த்து, "அக்கா, சுகமில்லையோ, கதிரை தரட்டோ?" என்று கேட்டார்.

பிருந்தனைக் கேட்டேன். பத்திரிகையை மேசையில் போட்டதும் எல்லாம் சொன்னான். பழைய மாணவர் மட்டும்தான் ஆடலாம், மகன்மார் ஆடக்கூடாது என்று போன வருடம் பத்மநாதன் சண்டை பிடித்துச் சட்டம் கொண்டுவந்தாராம். அதனால் தம்பித்துரை அண்ணையின் பெயரைப் பதிந்துவிட்டு இவனை இறக்கினீர்களாம். ஏப்ரல் கடைசியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும். ஒரு நாளைக்கு நாலு ஆட்டம், ஐந்து ஆட்டம்.

"ஒரு நாளைக்கு எத்தினை பந்து போட்டனி?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை மாமி. அப்பா எண்ண வேண்டாமெண்டவர்."

எண்ண வேண்டாமென்றீர்களா? சனிக்கிழமை எண்பத்தைந்துக்கு மேல் ஒன்று கூடவிடாமல் நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நிற்கிறேன். மறுநாள் காலை நீங்கள் அதே கையைப் பிடித்துக் கொண்டுபோய், காற்று மாதிரிப் பாரமில்லாத பந்தைக் குடுத்து, முழுப் பலத்தோடு போடு என்கிறீர்கள். நான் அவனைக் குடிகாரன் என்று ஏசினேன் அண்ணா. அவன் உங்களைக் காட்டிக்குடுக்காமல் என்னிடம் ஏச்சு வாங்கினான். ரேட்டோவின் கையை நான் கெடுத்தேன். ஊர்ஸிடம் தலைகுனிந்தேன். "பிழை உன் பயிற்சியில்" என்று நீங்கள் எழுதினீர்கள். கை கூசவில்லையா?

ஆஸ்பத்திரியில் முழங்கையைப் படம் எடுத்துப் பார்த்தாயிற்று. நார் அரைவாசி கிழிந்திருக்கிறது. ஒப்பரேசன் இப்போதைக்குத் தேவையில்லை. ஆனால் டொக்டர் என்னையும் அவனையும் இருத்திச் சொன்னார், இந்த வருடம் முழுக்க எந்தப் போட்டியும் இல்லை, எந்தப் பந்தும் இல்லை, மீறினால் அறும் என்று.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அவன் பந்து போடுவதைப் பார்க்க ஞாயிறு தவறாமல் சூரிச்சுக்கும் பேர்னுக்கும் ஓடத் தெரிந்த உங்களுக்கு, இருபது வருடத்தில் ஒரு நாள், ஒரேயொரு நாள், நான் விளையாடுவதைப் பார்க்க பாசலுக்கு வர ரெயின் கிடைக்கவில்லை.

சிவகலா


ரெனான்
12.07.2017
பதிவுத் தபால்

சிவகலாவுக்கு,

கிடைக்கவில்லை என்று நீ சொல்லாமலிருக்கக் கையெழுத்து வைத்து எடுக்கிற தபாலில் அனுப்புகிறேன்.

ஓம், பேய்க்காட்டினேன். தம்பித்துரை அண்ணையின் பெயரைப் போட்டதும் நான்தான். என்ன செய்யப்போகிறாய்?

இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தொரு வருடம். சமையலறையில் என் பெயரை முழுதாகச் சொல்ல ஒருவனுக்கும் வாய் வராது. "தயா" என்று கூப்பிட்டுப் பாத்திரத்தைக் காட்டுவான்கள். ஞாயிறு மைதானத்தில் நானூறு தமிழ்ச்சனம். பிருந்தன் ஓடி வந்து முதல் பந்திலேயே குச்சியைப் பறக்க விட்டான். "யாற்றை பெடியன்? யாற்றை பெடியன்?" என்று சனம் கேட்டது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? தம்பித்துரையின் பெயரில் இறக்கியதால் "என்ர மகன்" என்று வாய் திறக்கவும் முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் உன் மைதானத்தில் என்ன செய்தாலும் அதைப் பார்க்கிறவர்கள் எனக்கு யார்? என் பிள்ளை என் ஆட்களுக்கு முன்னால் விளையாடியதை நான் பார்க்கக் கூடாதா?

கிழியும் என்று தெரிந்து எந்தத் தகப்பன் விடுவான்? எனக்குத் தெரியாது. நீ எழுதியதெல்லாம் உன் வழக்கமான எடுப்பு என்று நினைத்தேன். பிள்ளை பெற்று வளர்த்திருந்தால் உனக்கு இந்த ஆசை விளங்கியிருக்கும். எண்ணுவது வளர்ப்பு ஆகாது.

பதின்மூன்று வயதில் உன்னை ஊரிலிருந்து இங்கே கூப்பிட்டுப் படிப்பித்தவன் நான். என்னைக் கை கூசவில்லையா என்று கேட்கிறாய்.

தயாபரன்


பாசல்
30.07.2017

அண்ணா,

உங்கள் பதிவுத் தபாலைக் கையெழுத்து வைத்து எடுத்தேன். தபால்காரி, "நல்ல செய்தியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

எனக்குப் பிள்ளை இல்லை என்று நீங்கள் எழுதியதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. பதினெட்டு நாள் முயன்று பார்த்தேன். எழுதியதெல்லாம் கிழித்துப் போடத்தான் சரி.

பிருந்தனைப் பற்றி மட்டும். ஓகஸ்ட் இருபதில் உங்கள் இறுதிப்போட்டி. செப்டெம்பர் பதினாறில் எங்களுடையது, நாங்கள் அதுவரை தாக்குப்பிடித்தால். இரண்டிலும் அவன் பந்தைத் தொடக்கூடாது. நான் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். நீங்கள் எனக்குத் தாருங்கள். அண்ணியின் தலையில் கை வைத்து எனக்குச் சத்தியம் வேண்டாம். உங்கள் கையெழுத்துப் போதும்.

சிவகலா


ரெனான்
24.08.2017

கலாவுக்கு,

இங்கே சுகம். அண்ணியின் பிரஷர் கூடிக் குறைகிறது. உனக்கு இதற்கு முன்னம் எழுத எனக்கு வாய் வரவில்லை, கை வரவில்லை. கையெழுத்து வேண்டும் என்றாய். கீழே வைத்திருக்கிறேன். ஆனால் காரியம் முடிந்த பிறகு வைக்கிறேன், ஏனென்றால் நான் கையெழுத்துக்குக் கட்டுப்படுகிறவன் இல்லை.

இருபதாம் திகதி இறுதிப்போட்டியில் தோற்றோம். கடைசி ஓவரில் பத்மநாதனின் ஆட்களுக்குப் பதினொரு ஓட்டம் தேவைப்பட்டது. என்னிடம் பந்து போட மிஞ்சியிருந்தவன் ஒரு வாடகைக்கார் ஓட்டி, நாற்பத்தாறு வயது. பிருந்தன் என் பக்கத்தில்தான் இருந்தான். "அப்பா, ஆறு பந்துதானே. நான் போடுறன். மாமிக்குத் தெரியாது" என்றான். சனமெல்லாம் என்னைப் பார்த்தது. சங்கச் செயலாளர் வந்து என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். இரு என்று பிருந்தனுக்குச் சொன்னேன். அவன் எழும்பப் பார்த்தான். தோளில் கையை வைத்து அமத்தினேன். என் நோகிற கையால்.

நாலு பந்தில் முடித்துவிட்டார்கள். பத்மநாதன் வந்து கை குடுத்து, "என்ன தயாபரன், தம்பித்துரைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே அவனை அறையத் தோன்றியது. கை குடுத்துவிட்டு வந்தேன்.

இதை உனக்கு எழுதுவது நீ மெச்சுவதற்காக இல்லை. உன் கோபத்தால் நான் கோப்பையை விட்டேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது உன் முறை.

தயாபரன்


பாசல்
17.09.2017

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் இருவரும் சுகமா?

நேற்று இறுதிப்போட்டியில் வென்றோம். நாலுக்கு மூன்று. பதினோரு வருடத்துக்குப் பிறகு எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கிண்ணம். ஊர்ஸ் அழுதுவிட்டார்.

பிருந்தன் சுகம். படிப்பு வேலை கூட, அதனால் இரண்டு மூன்று கிழமை அங்கே வரமாட்டான். அண்ணியைத் தேட வேண்டாமென்று சொல்லுங்கள். பச்சைமிளகாய் காய்த்ததா?

தங்கை,
சிவகலா


ரெனான்
25.09.2017

அன்புத் தங்கை கலாவுக்கு,

சுகம். பச்சைமிளகாய் காய்த்து முடிந்துவிட்டது.

வென்றது நல்லது. அந்த மழைக்குள் வெல்வது சும்மா காரியமில்லை. ஆனால் உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மார்ச் மாதம் எனக்கு யாருக்கு எண்பத்தைந்து, யாருக்கு எழுபது என்று ஒரு பக்கம் எழுதினவள் நீ. இப்போது கிண்ணம் வாங்கியிருக்கிறாய், எழுதியிருப்பது ஐந்து வரி. கடைசி இன்னிங்ஸில் யார் எறிந்தது?

பெடியன் தாயோடு மட்டும் கதைக்கிறான். என்னிடம் போனைக் குடுக்கச் சொன்னால், "பஸ் வந்திட்டுது" என்று வைத்துவிடுகிறான். ஒரு நாளில்லை, ஐந்து நாளாக பஸ் வருகிறது.

நான் காத்திருக்கிறேன். சுணங்காமல் எழுது.

அண்ணன்


பாசல்
15.10.2017

அண்ணா,

சுகம் கேட்க எனக்கு இனி உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. மூன்று கிழமை உங்கள் கேள்வியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன்.

பிருந்தன்தான் எறிந்தான்.

ரேட்டோவை நூற்றுநாலு வரை இழுத்திருந்தேன். அவனால் அதற்குமேல் கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோக முடியவில்லை. யானிக் காய்ச்சலில் வரவில்லை. கடைசி இன்னிங்ஸில் மார்க்கோவைப் போட்டேன். ஒருவரையும் வெளியேற்றாமல், பிழையாக எறிந்து எறிந்து, மூன்று பேரை வரிசையாகச் சும்மா பேஸுக்கு நடக்க விட்டான். மூன்று பேஸிலும் எதிரணி நிற்கிறது, எங்களுக்கு ஒரேயொரு ஓட்டம்தான் அதிகம், இன்னும் மூன்று பேரை வெளியேற்ற வேண்டும். ஊர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். அப்போது பிருந்தன் ஜக்கெற்றைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றான்.

"மாமி, பதினைஞ்சு. பதினைஞ்சுதான். எனக்கு நோகேல்லை."

டொக்டர் சொன்னது நினைவிருந்தது. உங்களுக்குக் குடுத்த வாக்கும் நினைவிருந்தது. நீங்கள் பத்மநாதனுக்குக் கை குடுத்துவிட்டு வந்ததும் நினைவிருந்தது. எல்லாம் நினைவிருக்க, "சரி" என்றேன்.

பதினைந்து எறியில் ஒருவன்தான் வெளியேறினான். அங்கேயே நான் நடந்து போய்ப் பந்தை வாங்கியிருக்க வேண்டும். போகவில்லை. இருபத்துமூன்றில் இரண்டாவது ஆள். இருபத்தேழில் இடக்கையால் முழங்கையை ஒரு தடவை தொட்டான். ஊர்ஸ் பார்க்கவில்லை, அணியில் ஒருவரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அது என்னவென்று அந்த மைதானத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்துகொண்டு நின்றேன். முப்பத்தொன்றில் கடைசி ஆள் பந்தைத் தவறவிட்டுக் காற்றில் அடித்தான். எல்லாரும் மேட்டுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். சத்தம் போட்டுக்கொண்டு ஓடினேன் அண்ணா. கட்டிப்பிடித்தபோதுதான் அவன் வலக்கை என்னைத் திருப்பிக் கட்டவில்லை என்று கண்டேன்.

முழுதாக அறுந்துவிட்டது. மணிக்கட்டிலிருந்து ஒரு நாரை எடுத்து முழங்கைக்குள் வைத்துத் தைப்பார்கள். ஒக்ரோபர் இருபத்துமூன்று, திங்கட்கிழமை, காலை ஏழு மணி. பழையபடி எறிவானா என்று கேட்டேன். முதலில் பேனை பிடிக்கட்டும் என்றார் டொக்டர். உங்களுக்குச் சொல்ல வேண்டாமென்று பிருந்தன் கெஞ்சினான். "அப்பா உங்களோட கதைக்கமாட்டார் மாமி" என்றான். அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நானும் ஒளித்தேன்.

ஜூலையில் உங்களுக்கு என்னவெல்லாம் எழுதினேன். நீங்கள் எண்ணாமல் செய்தீர்கள். நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு செய்தேன். உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்கு என்மேல் இருக்கிற கொதிக்கு, நீங்கள் எவ்வளவு ஏசினாலும் காணாது. ஏசி எழுதுங்கள். பதிவுத் தபாலிலேயே அனுப்புங்கள்.

சிவகலா


ரெனான்
18.10.2017

கலாவுக்கு,

அண்ணிக்கு நேற்றுத்தான் சொன்னேன். அழுதாள், பிறகு எங்கள் இருவரையும் ஒன்றாக வைத்து ஏசினாள். இன்றைக்குச் சுகம்.

யார் எறிந்தது என்று நான் கேட்டது தெரியாமல் இல்லை. பதினாறாம் திகதி லீவு எடுத்துக்கொண்டு பாசலுக்கு வந்தேன். நீ என்னைத் திட்டி எழுதிய அந்த ரெயினில்தான். சொல்லாமல் வந்து பார்த்துவிட்டு, முடிந்ததும் உன் முன்னால் வந்து நிற்பதாக நினைத்திருந்தேன். கடைசி வரிசையில் குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இருபது வருடத்தில் முதல் தடவையாக உன்னை உன் மைதானத்தில் கண்டேன். வெள்ளைக்காரனெல்லாம் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை செய்கிறான். எனக்குப் பெருமையாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இப்போது மனமில்லை, என்றாலும் எழுதுகிறேன்.

பிறகு பிருந்தன் ஜக்கெற்றைக் கழற்றினான். உன்னைக் கொல்ல வேண்டும்போல் கோபம் வந்தது. நீ வாக்குக் குடுத்தவள். எழும்பினேன். நடுவில் ஒரு கம்பிவேலிதான். "கலா, அவனை மேட்டால இறக்கு" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். என் குரல் உனக்குத் தெரியாதா?

அவன் முதல் பந்தை எறிந்தான். பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் எழும்பி, "யார் இந்தப் பையன்?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார். "என் மகன்" என்றேன். அந்த மனுசன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகு நான் சத்தம் போடவில்லை கலா. குடையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினேன். முப்பத்தொரு எறிக்கும் தட்டினேன். அவன் முழங்கையைத் தொட்டதை நானும் கண்டேன்.

அதனால்தான் உன் முன்னால் வராமல் அடுத்த ரெயினில் திரும்பினேன்.

உன்னோடு இருக்கிற கோபம் எனக்கு ஆறவில்லை. ஆறாது. திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன், நீயும் நில். அவனுக்கு முன்னால் இரண்டு பேரும் கத்தக் கூடாது என்று அண்ணி சொல்லச் சொன்னாள்.

அண்ணன்,
தயாபரன்